‘மனசைத் திடப்படுத்திக்கோ’ என்று யார் சொல்வது?

1992 அக்டோபர் 13. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் துணை அதிபர் வேட்பாளர்களின் தொலைக்காட்சி விவாதம். அல் கோர், டேன் குவேல் என்ற இரு தேர்ந்த அரசியல்வாதிகளோடு மேடையில் 68 வயது முதியவர் ஒருவரும் நின்றிருந்தார். கோடீஸ்வரர் ராஸ் பெரோ சுயேச்சையாகப் போட்டியிட்ட தேர்தல் அது; அவருடைய துணை வேட்பாளர் இவர். முறை வந்ததும், தான் யார், இங்கே எதற்காக நிற்கிறேன் என்று இரண்டு கேள்விகளைத் தனக்குத்தானே போட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்கினார். அரங்கம் சிரித்தது. பிறகொரு கட்டத்தில், காதுக் கருவியை இயக்காமல் விட்டுவிட்டேன், கேள்வியைத் திரும்பச் சொல்லுங்கள் என்றார். அவ்வளவுதான். தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்கு அவரை வைத்தே சில வாரங்கள் பொழுது போனது.

அந்த முதியவர் ஜேம்ஸ் ஸ்டாக்டேல். கடற்படையின் போர் விமானி. வியட்நாம் போரில் பிடிபட்டு ஹனோய் சிறைகளில் ஏழரை ஆண்டுகள் இருந்தவர். அதில் நான்கு ஆண்டுகள் தனிக்கொட்டடி. இரண்டு ஆண்டுகள் காலில் இரும்பு விலங்கு. அமெரிக்காவின் மிக உயரிய ராணுவ விருதான ‘மெடல் ஆஃப் ஹானர்’ பெற்றவர். ஊரே சிரித்த அந்த இரண்டு கேள்விகளையும் அவர் வெறும் மேடை அலங்காரத்துக்காகக் கேட்கவில்லை. அவற்றோடுதான் அவர் அந்த ஏழரை ஆண்டுகளையும் கழித்திருந்தார்.

பண்டைய கிரேக்க, ரோமானியர்களின் ஸ்டோயிக் தத்துவம் இன்று நல்ல விலைக்குப் போகிற சரக்கு. விமான நிலையப் புத்தகக் கடைகளில் ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் மேலாண்மை நூல்களுக்குப் பக்கத்திலேயே அடுக்கப்பட்டிருக்கிறார். யூடியூபில் சலவைக்கல் சிலை முகங்களின் பின்னணியில் கனத்த குரல்கள் ‘எதற்கும் அசையாதே’ என்று போதிக்கின்றன. அந்தச் சந்தைக்குப் பிடித்தமான பெயர்களில் ஸ்டாக்டேலின் பெயரும் ஒன்று. ஆனால், அவர் சிறையில் உண்மையில் என்ன செய்தார் என்று கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், சந்தையில் விற்கப்படும் தத்துவத்துக்கும் அவர் வாழ்ந்து காட்டியதற்கும் சம்பந்தம் குறைவு என்பது தெரியவரும்.

கதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆரம்பிக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் கடற்படை அவரை அங்கே மேற்படிப்புக்கு அனுப்பியது. படிக்கப் போனது சர்வதேச உறவுகள். போன இடத்தில் தத்துவத் துறைப் பக்கம் எட்டிப் பார்த்து, பிலிப் ரைன்லாண்டர் என்ற பேராசிரியரிடம் ஒட்டிக்கொண்டார். விடைபெறும்போது பேராசிரியர் ஒரு மெல்லிய புத்தகத்தைக் கையில் கொடுத்தார். எபிக்டெட்டஸின் ‘கையேடு’. விமானத்தைக் கட்டி மேய்க்கிறவனுக்கு எந்தக் காலத்திலோ வாழ்ந்த ஓர் அடிமையின் உபதேசம் எதற்கு என்றுதான் முதலில் அவருக்குத் தோன்றியது. கொடுத்தவர் மீதிருந்த மரியாதைக்காகப் படித்தார். பிறகு விமானம் தாங்கிக் கப்பலில் அவருடைய படுக்கையின் தலைமாட்டில் எபிக்டெட்டஸ் நிரந்தரமாக இடம்பிடித்தார்.

எபிக்டெட்டஸ் பிறந்தது கி.பி. 50 வாக்கில், இன்றைய துருக்கியில் பாமுக்கலே என்று சுற்றுலாப் பயணிகள் திரளும் ஹியராபோலிஸில். ரோமில் அடிமையாக வாழ்ந்தார். அவருடைய எஜமானன் எபஃப்ரோடிட்டஸ், தானும் அடிமையாக இருந்து விடுதலை பெற்று, நீரோ மன்னனின் செயலாளர் வரைக்கும் உயர்ந்த ஆள். எபிக்டெட்டஸுக்குக் கால் ஊனம். எஜமானன் முறுக்கி உடைத்தான் என்பது ஒரு கதை, வாதநோய் என்பது இன்னொன்று. முசோனியஸ் ரூஃபஸ் என்ற ஸ்டோயிக் ஆசிரியரிடம் பயின்று, விடுதலை பெற்று, தானும் ஆசிரியரானார். டொமீஷியன் மன்னன் தத்துவவாதிகளை எல்லாம் நகரைவிட்டு விரட்டியபோது, கிரேக்கத்தின் மேற்குக் கரையிலுள்ள நிக்கோபொலிஸுக்குப் போய்ப் பள்ளி நடத்தினார். ஒரு வரிகூட அவர் எழுதவில்லை. ஆரியன் என்ற மாணவர் வகுப்பில் கேட்டதைக் குறித்துவைத்த எட்டுத் தொகுதிகளில் நான்கு மிஞ்சியிருக்கின்றன. அவற்றின் சாரத்தை 53 சிறு அத்தியாயங்களாகச் சுருக்கியதே அந்தக் கையேடு.

அதன் அடிப்படை எளிது. சில நம் கையில் இருக்கின்றன, சில இல்லை. ஒன்றைப் பற்றி நாம் கொள்ளும் கருத்து, விருப்பம், வெறுப்பு, எதைத் தேர்வது என்ற முடிவு ஆகியவை நம் கையில். சொத்து, பதவி, பேர்புகழ் இதெல்லாம் நம் கையில் இல்லை. இதுவரை யாரும் தலையாட்டிவிடுவார்கள். எபிக்டெட்டஸ் அந்த இரண்டாவது பட்டியலில் உடம்பையும் சேர்க்கிறார். தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லாமல் வாழ்ந்த ஒருவர் சொல்லும்போது அது கேட்க நன்றாயிருக்கும் பொன்மொழி அல்ல, அனுபவக் கணக்கு. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டுத்தான் அந்தப் பட்டியல் காபிக் கோப்பைகளில் அச்சாகிறது.

அவருடைய வகுப்பில் வரும் ஒரு சம்பவம். வீட்டில் தெய்வங்களுக்கு முன்னால் இரும்பு விளக்கு ஒன்று வைத்திருந்தார். ஒருநாள் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் விளக்கைக் காணோம், களவு போயிருந்தது. சரி, நாளைக்கு ஒரு மண் விளக்கு வாங்கினால் ஆயிற்று என்று முடித்துக்கொண்டார். இதில் வேடிக்கை பிறகுதான் நடந்தது. எபிக்டெட்டஸ் இறந்த பின்பு அந்த மண் விளக்கை யாரோ 3,000 திராக்மா கொடுத்து வாங்கினானாம், அதன் வெளிச்சத்தில் படித்தால் அவருடைய ஞானம் தனக்கும் வந்துவிடும் என்று. லூசியன் என்ற எழுத்தாளர் இதைச் சொல்லிச் சிரிக்கிறார். ஆக, ஸ்டோயிக் பெயரைப் போட்டுப் பொருள் விற்கிற தொழிலுக்கும் ஏறக்குறைய 1,900 வயது!

1965 செப்டம்பர் 9. ‘ஒரிஸ்கனி’ கப்பலிலிருந்து கிளம்பிய ஸ்டாக்டேலின் ஸ்கைஹாக் விமானம் வட வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டது. பாராசூட்டில் இறங்கும் சில நொடிகளில், குறைந்தது ஐந்து வருடம் இங்கேதான் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டதாகவும், இயந்திரங்களின் உலகத்தைவிட்டு எபிக்டெட்டஸின் உலகத்துக்குள் போகிறோம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டதாகவும் பின்னாளில் சொன்னார். ஒரு கிராமத் தெருவில் போய் விழுந்தார். கூட்டம் புரட்டியெடுத்தது. கால் முறிந்தது, அந்த முழங்கால் பிறகு மடங்கவே இல்லை. தானும் தன் ஆசானைப் போலவே நொண்டியாகிவிட்டதை அவரே பலமுறை குறிப்பிட்டிருக்கிறார்.

இதுவரை சந்தைக்குச் சாதகமான கதைதான். இனிமேல் வருவதைத்தான் அது சொல்வதில்லை.

ஹனோய் சிறையில் கயிறுதான் பிரதான ஆயுதம். கைகளைப் பின்னால் இறுக்கிக் கட்டி, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, தோள்மூட்டு கழலுகிற அளவுக்கு மேலே இழுத்து, தலையைக் கால்களுக்கிடையே அழுத்துவார்கள். தத்துவம் படித்தவர், படிக்காதவர் என்ற பேதமெல்லாம் அங்கே இல்லை. வலி எல்லோரையும் உடைத்தது. ஸ்டாக்டேலையும் உடைத்தது. கேட்டதற்குப் பதில் சொன்னார், கொடுத்ததில் கையெழுத்துப் போட்டார். அவரே இதை ஒளிக்கவில்லை. வலியைவிட மோசமானது வலிக்குப் பிறகு வருவது என்பது அவர் கண்டறிந்த விஷயம். கொட்டடிக்குத் திரும்பி வந்தவன் சுவரோரமாகச் சுருண்டுகொள்வான். நான் துரோகி, மற்றவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற எண்ணம் அவனைத் தின்னும். சிறை அதிகாரிகள் எதிர்பார்த்ததும் இந்தக் குற்றவுணர்வையும் தனிமையையும்தான். வெட்கப்படுகிறவன் யாரோடும் பேசமாட்டான். யாரோடும் பேசாதவனை வளைப்பது சுலபம்.

அப்போது பக்கத்துச் சுவரிலிருந்து ஒரு தட்டல் சத்தம் கேட்கும்.

கார்லைல் ஹாரிஸ் என்ற விமானி கொண்டுவந்த முறை அது. பயிற்சி வகுப்பு இடைவேளையில் பயிற்றுநர் ஒருவர் போகிறபோக்கில் சொன்னது அவர் நினைவில் தங்கியிருந்தது. ஆங்கில எழுத்துகளை ஐந்துக்கு ஐந்து கட்டங்களில் எழுதிக்கொள்ள வேண்டும். 26 எழுத்துகள் 25 கட்டங்களில் அடங்காது என்பதால் ‘கே’ இருக்காது. அதற்கும் ‘சி’யே போதும். முதலில் எத்தனையாவது வரிசை என்று தட்ட வேண்டும், சின்ன இடைவெளி விட்டு, வரிசையில் எத்தனையாவது எழுத்து என்று தட்ட வேண்டும். ‘கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்’ என்பதன் மூன்று ஆங்கில எழுத்துகளுக்கு (ஜி, பி, யு) இரண்டு-இரண்டு, ஒன்று-இரண்டு, நான்கு-ஐந்து. மொத்தம் 16 தட்டல்கள். இரவு ஒவ்வொரு கொட்டடியிலிருந்தும் கிளம்பிய கடைசிச் செய்தி பெரும்பாலும் அதுதான். எதிர்ப்புறம் இருப்பவர் அமெரிக்கர்தானா என்று சோதிக்கவும் ஒரு வழி வைத்திருந்தார்கள். அமெரிக்கக் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்த ஒரு தாளத்தின் முதல் ஐந்து தட்டுகளை இவர் தட்டுவார். மிச்சமிருக்கும் இரண்டை அவர் தட்ட வேண்டும். காவலர்களுக்கு அந்தத் தாளம் தெரியாது. சுவர் இல்லாத இடத்தில் துடைப்பம் கைகொடுத்தது. முற்றம் பெருக்கும் கைதி பெருக்குகிற ஓசையிலேயே செய்தி சொல்லிவிட்டுப் போவார். இருமலும் செருமலும்கூட மொழியாயின.

கயிற்றிலிருந்து திரும்பியவனிடம் இந்தச் சுவர் என்ன சொன்னது? வீரனாக இரு என்று சொல்லவில்லை. நீ என்னென்ன சொன்னாய் என்று கேட்டது. அவன் தயங்கித் தயங்கிச் சொன்னதும், நாங்களும் சொல்லியிருக்கிறோம் என்றது. தான் விட்டுக்கொடுத்ததை இன்னொருவரிடம் ஒப்புக்கொண்ட மறுகணம் அதிகாரிகளின் பிடி தளர்ந்துவிடுகிறது. மிரட்டுவதற்கு ரகசியம் எதுவும் மிச்சமில்லையே!

ஸ்டாக்டேல் அங்கிருந்த மூத்த அதிகாரிகளில் ஒருவர். அவர் போட்ட விதிகளைக் கவனித்தால் இது இன்னும் துலங்கும். ‘எதையும் சொல்லாதே, செத்தாலும் சொல்லாதே’ என்று அவர் ஆணையிடவில்லை. அப்படி ஆணையிட்டால் எல்லோருமே குற்றவாளிகளாகிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். பொது இடத்தில் தலைவணங்காதே, வானொலியில் பேசாதே, குற்றம் செய்ததாக ஒப்புக்கொள்ளாதே, விடுதலையாகும்போது நன்றி சொல்லிக்கொண்டு போகாதே. இவற்றைச் சும்மா மிரட்டியதற்காகச் செய்துவிடாதே, அவர்கள் உன்னைச் சித்திரவதை செய்து பெறட்டும். ஒவ்வொரு முறையும் அவர்கள் முதலிலிருந்து ஆரம்பிக்கும்படி செய். கடைசி விதி, உன்னைவிட ஒற்றுமை பெரிது. மனிதனால் முடிந்த அளவுக்கு மட்டும் கோடு போட்டு, அந்தக் கோட்டில் எல்லோரையும் நிற்கவைத்த விதிகள் இவை. ‘கையில் இருப்பது, கையில் இல்லாதது’ என்ற எபிக்டெட்டஸின் பிரிவினையை ஒரு மனிதனின் மண்டைக்குள்ளிருந்து எடுத்து ஒரு சமூகத்தின் சட்டமாக்கிவிட்டார்.

1969-இல் அவரைப் பிரச்சாரப் படத்தில் நடிக்கவைக்க முடிவுசெய்தார்கள். சவரக் கத்தி கொடுத்துக் குளிக்க அனுப்பினார்கள். அவர் தன் தலையைக் கீறிக்கொண்டார். பரவாயில்லை, தொப்பி போட்டுக்கொள்ளலாம் என்று அவர்கள் தொப்பி தேடிப் போன நேரத்தில், மர முக்காலியை எடுத்து முகம் வீங்கி அடையாளம் தெரியாமல் போகும்வரை தன்னையே அடித்துக்கொண்டார். படம் எடுக்க முடியவில்லை. உடம்பு நம் கையில் இல்லை என்று படித்தவர், எதிரியின் கைக்கு அது பயன்படாமல் செய்தார். இதைச் ‘சகித்துக்கொள்வது’ என்ற சொல்லுக்குள் அடைக்க முடியுமா?

ஸ்டோயிக்குகள் மீது காலங்காலமாக இருக்கும் குற்றச்சாட்டுக்கு இங்கே பதில் இருக்கிறது. 1958-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சுதந்திரம் பற்றி நிகழ்த்திய புகழ்பெற்ற உரையில் சிந்தனையாளர் ஐசையா பெர்லின் அதைக் கூர்மையாகவே வைத்தார். காலில் புண் வந்தால் மருந்து போட்டு ஆற்றலாம், காலையே வெட்டிவிட்டும் வலியிலிருந்து தப்பலாம். ஆசைகளை ஒழித்து மனக்கோட்டைக்குள் போய்ப் பதுங்குவது இரண்டாவது வகை என்பது அவர் வாதம். வெளியே இருக்கும் கொடுங்கோலன் அப்படியே இருப்பான், உள்ளே இருப்பவர் தன்னைச் சுதந்திர மனிதன் என்று நினைத்துக்கொண்டிருப்பார். நியாயமான வாதம். இன்றைய யூடியூப் ஸ்டோயிக்குகளுக்கு அப்படியே பொருந்தும். ஆனால் ஸ்டாக்டேல் விடுதலை ஆசையை வெட்டியெறியவில்லை. எப்படியும் வெளியே போவோம் என்பதில் அவர் கடைசிவரை உறுதியாக இருந்தார். கிறிஸ்துமஸுக்குள் விடுவார்கள், இல்லை ஈஸ்டருக்குள் விடுவார்கள் என்று தேதி குறித்துக் காத்திருந்தவர்கள்தான் ஒவ்வொரு தேதியும் தாண்டத் தாண்ட மனமுடைந்து போனார்கள் என்று ஜிம் காலின்ஸ் என்ற மேலாண்மை எழுத்தாளரிடம் அவர் சொல்லியிருக்கிறார். 2001-இல் வந்த காலின்ஸின் புத்தகத்தால்தான் அவர் பெயர் நிறுவன உலகத்தில் பரவியது.

ரோமாபுரியிலும் ஸ்டோயிக்குகள் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. கி.பி. 59-இல் நீரோ தன் தாயைக் கொன்றான். அதற்கு மன்னனை வாழ்த்தித் தீர்மானம் போட செனட் சபை போட்டிபோட்டது. ஸ்டோயிக்கான உறுப்பினர் திரேசியா பேட்டஸ் மட்டும் எழுந்து வெளியே நடந்தார். ஏழு ஆண்டுகள் கழித்து அதற்கும் சேர்த்து உயிரைக் கொடுத்தார். அவருடைய மருமகன் ஹெல்விடியஸ் பிரிஸ்கஸை, சபைக்கு வராதே என்றான் வெஸ்பேசியன் மன்னன். உறுப்பினராக இருக்கும்வரை வராமல் இருக்க முடியாது என்றார் அவர். வந்தால் பேசாதே என்றதற்கு, கேட்டால் சரியென்று பட்டதைச் சொல்வேன் என்றார். கொன்றுவிடுவேன் என்ற மிரட்டலுக்கு, அது உன் வேலை, அஞ்சாமல் சாவது என் வேலை என்கிற பொருளில் பதில் சொன்னார். அப்படியேதான் நடந்தது. இந்த உரையாடலை வகுப்பில் மெச்சிச் சொல்கிறவர் வேறு யாருமல்ல, எபிக்டெட்டஸ்தான். நம் கையில் இருப்பது என்ன என்ற கேள்விக்கு அவருடைய விடைகளில் ஒன்று, சபைக்குப் போய்ப் பேசுவது.

குறையைச் சொல்லாமல் விட்டால் அது துதி பாடுவதாகிவிடும். சுதந்திரத்தைப் பற்றிப் பேசிய அந்த முன்னாள் அடிமை, அடிமை முறையை ஒழிக்கச் சொல்லவில்லை. அவரைப் படித்து உருகிய மார்க்கஸ் அரேலியஸ் கி.பி. 161 முதல் 180 வரை பேரரசராக இருந்தார். அவர் கையில் இல்லாத அதிகாரம் உலகத்தில் இல்லை, ஆனாலும் அடிமைச் சந்தைகள் நடந்துகொண்டுதான் இருந்தன. எல்லா மனிதருக்கும் பகுத்தறிவு பொது என்று அடிமையும் அரசனும் ஒரே பள்ளியில் பாடம் படித்தார்கள். பாடம் முடிந்ததும் அவரவர் இடத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

ஸ்டாக்டேலின் கதையிலும் இப்படியொரு முடிச்சு இருக்கிறது. பிடிபடுவதற்கு ஓராண்டு முன்பு, 1964 ஆகஸ்ட் 4 இரவு, டோன்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்களை வட வியட்நாம் படகுகள் தாக்கியதாகச் சொல்லப்பட்ட நேரத்தில் வானத்தில் இருந்தவர் அவர். மேலிருந்து நன்றாகப் பார்த்தேன், படகு ஒன்றும் இல்லை என்று பிற்காலத்தில் எழுதினார். அந்தத் ‘தாக்குதலை’க் காரணம் காட்டித்தான் அமெரிக்க நாடாளுமன்றம் போரை விரிவாக்க அனுமதி கொடுத்தது. மறுநாள் பதிலடிக் குண்டுவீச்சுக்குத் தலைமை தாங்கிப் போனவரும் அவரேதான். இந்த ரகசியத்தைச் சித்திரவதையில் உளறிவிடுவேனோ என்பது சிறையில் அவருக்கிருந்த பெரிய பயம். பொய்யான காரணத்தில் விரிந்த போர் என்று தெரிந்தே அந்தப் போரின் கைதியாக அவர் இருந்தார். உள்ளத்தைக் காத்துக்கொள்வது எப்படி என்று எபிக்டெட்டஸ் அவருக்குக் கற்றுக்கொடுத்தார். எந்தப் போருக்குப் போகக் கூடாது என்ற கேள்விக்கு அந்தக் கையேட்டில் அவர் விடை தேடியதாகத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் அடைபட்டிருந்த ஹோவா லோ சிறையைக் கட்டியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், வியட்நாமிய விடுதலைப் போராளிகளை அடைக்க. அங்கே கில்லட்டின் வைத்துத் தலை வெட்டினார்கள்; அந்த எந்திரம் இன்றும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொள்ளளவைத் தாண்டி அடைக்கப்பட்ட அந்தக் கைதிகள் எபிக்டெட்டஸைப் படிக்கவில்லை. ஆனால் ரகசியமாக வகுப்பு நடத்தினார்கள், கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 1945 மார்ச் மாதம், ஜப்பானியர் பிரெஞ்சு ஆட்சியைக் கவிழ்த்த குழப்பத்தில், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தப்பினார்கள். பலருக்கு வழியானது கழிவுநீர்க் கால்வாய். தப்பியவர்களில் ஒருவர் தோ முவோய், பிற்காலத்தில் வியட்நாம் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர். அதே கட்டடத்தில், அடைபட்டிருந்தவர்களின் அரசு, இருபது ஆண்டுகள் கழித்து வேறொரு நாட்டுக் கைதிகளைக் கயிற்றில் தொங்கவிட்டது. இரண்டு தலைமுறைக் கைதிகளும் உள்ளே பிழைத்தது ஒரே வழியில். தனித்தனியாக மனதைக் கட்டிப்போட்டு அல்ல, ஒருவரோடு ஒருவர் பேச்சை விடாமல் வைத்திருந்து.

இந்த இடத்தில் கதையின் இன்னொரு பாதியைக் கவனிக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் கொரொனாடோவில் நான்கு மகன்களோடு காத்திருந்தவர் ஸ்டாக்டேலின் மனைவி சிபில். கணவர் பிடிபட்டதும் அரசாங்கம் அவருக்கும் மற்ற குடும்பங்களுக்கும் சொன்ன அறிவுரை, அமைதியாக இருங்கள், வெளியில் பேசினால் கைதிகளுக்குத்தான் ஆபத்து என்பது. சகித்துக்கொள், பொறுத்திரு, எல்லாம் நடக்கும் என்கிற அரசாங்க ஸ்டோயிக்கம் அது. சிபில் சில காலம் பொறுத்தார். அந்தப் பொறுமையும் சும்மா இருந்த பொறுமை அல்ல. கடற்படை உளவுத் துறையோடு சேர்ந்து கணவருக்கு ரகசியக் கடிதம் எழுதினார். புகைப்படம் ஒன்றை ஊறவைத்துப் பிரித்தால் உள்ளே செய்தி இருக்கும். மறைவெழுத்துக்கான கார்பன் தாளும் கடிதத்தோடு போயிற்று. அதைக்கொண்டு கணவர் அனுப்பிய பதில்களில் சக கைதிகளின் பெயர்கள் வந்தன, சித்திரவதை நடக்கிறது என்ற செய்தியும் வந்தது.

அதற்குப் பிறகும் அரசாங்கம் வாயைத் திறக்கவில்லை என்றதும் 1968-இல் சிபில் பத்திரிகைக்குப் பேசிவிட்டார். தன் வீட்டில் கூடிய மனைவிமார்களைக் கொண்டு அமைப்பைக் கட்டினார். அது நாடு தழுவிய குடும்பங்களின் கூட்டமைப்பாக வளர்ந்தது. பாரிசுக்குப் போய் வட வியட்நாம் பிரதிநிதிகளிடம் நேருக்கு நேர் கேட்டார். இதற்கிடையே, 1969 மே மாதம் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மெல்வின் லெயர்ட் கைதிகளின் நிலை பற்றிப் பகிரங்கமாகப் பேச வேண்டியதாயிற்று. அந்த ஆண்டின் இறுதியிலிருந்து சிறையில் நிலைமை தளரத் தொடங்கியது. வட வியட்நாம் தலைவர் ஹோ சி மின்னின் மறைவு, உள்ளே கைதிகள் காட்டிய எதிர்ப்பு, வெளியே எழுந்த சத்தம் என்று அதற்குப் பல காரணங்களைச் சொல்கிறார்கள். வெளியே எழுந்த சத்தத்தை யாரும் கழித்துவிடுவதில்லை. 1984-இல் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதிய நூலில் ஒரு அத்தியாயம் அவருடையது, அடுத்தது இவருடையது என்று மாறி மாறி வரும். மேலாண்மைப் பேச்சாளர்கள் கணவருடைய அத்தியாயங்களை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஸ்டோயிக் சிந்தனையால் இன்று பயனே இல்லை என்று யாராவது சொன்னால் அது அபத்தம். ஆல்பர்ட் எல்லிஸும் ஆரன் பெக்கும் உருவாக்கிய அறிவாற்றல் சார்ந்த நடத்தைச் சிகிச்சை, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உலகம் முழுக்க மருத்துவர்கள் பரிந்துரைப்பது. தங்கள் முறையின் வேர் ஸ்டோயிக்குகளிடம் இருக்கிறது என்று இருவருமே எழுதியிருக்கிறார்கள். நிகழ்வு வேறு, அதைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் கதை வேறு என்று பிரித்துப் பார்க்கப் பழகியவருக்கு இரவில் தூக்கமாவது வருகிறது. ஆனால் அந்தச் சிகிச்சையிலும் எதிரே உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிரச்சினை தத்துவத்தில் இல்லை, அதை யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்பதில் இருக்கிறது. கொட்டடிக்குள் இருப்பவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் அது சுதந்திரம். பக்கத்துக் கொட்டடிக்காரர் சுவரைத் தட்டிச் சொன்னால் அது தோழமை. சாவியை வைத்திருப்பவர் சொன்னால்? பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு, சனிக்கிழமை காலை மன அழுத்தத்தைச் சமாளிப்பது பற்றிப் பயிற்சி வகுப்பு வைக்கும் நிர்வாகங்கள் உண்டு. மூன்று மாதமாகச் சம்பளம் வராத ஒப்பந்தத் தொழிலாளியிடம் ‘எல்லாம் மனசுதாம்பா, மனசைத் திடப்படுத்திக்கோ’ என்று தோளில் தட்டுகிற மேலாளர்கள் உண்டு. அடி வாங்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்து நிற்கிற மகளிடம், நீ கண்டுக்காம இரும்மா என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற பெரியவர்களும் உண்டு. இவர்கள் யாரும் எபிக்டெட்டஸைப் படித்ததில்லை, படித்தவர்களைவிடச் சரளமாக அவரைப் பேசுகிறார்கள்.

அந்தக் கையேட்டை ஒரே மாலையில் படித்துவிடலாம். கஷ்டத்தில் இருப்பவர் தானாகத் தேடி எடுத்துப் படித்தால் நிச்சயம் உதவும். கஷ்டத்தில் இருப்பவரைத் தெரிந்தவர்கள் புத்தகத்தைக் கையில் திணிப்பதற்கு முன்னால் ஒரு முறை போன் பண்ணி, என்ன நடந்தது என்று கேட்கட்டும். பதில் சொல்ல அவருக்கு நேரமும் கொடுக்கட்டும். ஊழியர்களுக்கு அதைப் பரிசளிக்க நினைக்கும் நிர்வாகங்கள் தயவுசெய்து முதல் அத்தியாயத்தைத் தாங்களே இன்னொரு முறை படிக்க வேண்டும். சம்பள பாக்கியைத் தீர்ப்பதும் வேலை நேரத்தைக் குறைப்பதும் எபிக்டெட்டஸின் கணக்குப்படியே அவர்கள் கையில் இருப்பவை.